ஆத்தாவுக்குக் கொடுத்த கூழ்

ராசா,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இன்றைக்கு எனக்கு இருக்கிற வயதைவிட உனக்கு வயது கூடவே இருக்கும். ஒருவேளை உனக்கே ஒரு பிள்ளை பிறந்து, அதற்குக் காய்ச்சல் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாய். அந்த நாளுக்காகத்தான் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறாய். உன் இடது காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ் கட்டியிருக்கிறது. இன்று காலையிலேயே அதைக் கீறி எடுத்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்ததால் அது நின்றுபோனது. இனி மத்தியானத்துக்கு மேல்தான். அதற்குள் சீழ் உள்பக்கம் இறங்கினால் மூளையைத் தொட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உனக்கு ஏதாவது ஆனால் அது என் வாயால் ஆனது. ஆகாவிட்டாலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், ஆனால் அதை இன்னும் நம்ப முடியவில்லை.

நாலு வரி எழுதிவிட்டு எழுந்து போய் உன்னைப் பார்த்துவிட்டு வந்தேன். தூங்குகிறாய். வாசல் கடையில் இந்த நோட்டை வாங்கி வந்தபோது உன் அத்தை, "இன்னாத்துக்குடி நோட்டு? பரீட்சை எழுதப் போறியா?" என்று கேட்டார். காலையில் நான் வாயைத் திறந்த பிறகு அவர் என்னிடம் பேசிய ஒரே பேச்சு அது.

நான் எட்டாவதோடு நின்றவள். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கல்யாணமாகி வந்த பிறகும் அது மாறவில்லை. உன் நைனாவிடம்கூட முதல் வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். எனக்காகப் பேச வேண்டியதை எல்லாம் உன் அத்தையே பேசிவிடுவார். அவர் உன் நைனாவின் அக்கா. புருஷன் போன பிறகு கவரைப்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் நம் வீட்டோடு வந்துவிட்டார். உன்னைப் பெற்றபோது எனக்குப் பிள்ளையைத் தூக்கவே தெரியாது. குளிப்பாட்டியது, உரமெடுத்தது, தூங்க வைத்தது எல்லாம் அவர்தான். இனி நான் எழுதப் போவதைப் படிக்கும்போது அதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

பங்குனி கடைசியில் உனக்கு மணல்வாரி அம்மை போட்டது. முதலில் மூக்கு ஒழுகியது, இருமினாய், கண் இரண்டும் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாய். பிறகு காதோரத்தில் தொடங்கி உடம்பு முழுக்க, மணலை வாரி இறைத்த மாதிரி. உன் அத்தை பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. உன் நைனா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை முடிந்து வந்தால், கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் படியேற வேண்டும். அன்றிலிருந்து நீ எங்கள் பிள்ளை இல்லை, உன் மேல் வந்திருந்த ஆத்தா. உன்னை யாரும் வாடா போடா என்று கூப்பிடவில்லை.

"தாயே, இன்னா வேணும் சொல்லு" என்று அத்தை உன் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பார்.

"பட்டாணி" என்பாய் நீ.

"ஆத்தாவுக்குப் பட்டாணி வேணுமாம், ஓடுடி."

"இருமல்ல பட்டாணி வேணாம் அண்ணி" என்று நான் வாய்க்குள் சொல்வேன்.

"கேக்கறது அவ. வேணாம்னு சொல்ல நீ யாருடி?"

அதற்குள் நீ, "மிட்டாயும்" என்பாய். உன் நைனா வாசலில் நின்றபடி, "உட்டா ஆத்தா சினிமாவுக்கும் போவணும்னுவா" என்று சிரிப்பார். "கன்னத்துல போட்டுக்கடா, பேமானி!" என்று அத்தை அடிக்க வருவார். மூன்றரை வயதில் நீ அந்த ராஜ்ஜியத்தை நன்றாகத்தான் ஆண்டாய். எனக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு வார்டு சிஸ்டரும் அதில் பாதியைச் சரி என்றுதான் சொன்னார். காற்றோட்டமான இடத்தில், கண் கூசாமல் கொஞ்சம் இருட்டாக வைத்தது, வெளியாட்களைச் சேர்க்காதது, இளநீரும் மோரும் ஊற்றி ஊற்றிக் கொடுத்தது, இதெல்லாம் உனக்கு நல்லதே செய்திருக்கிறது. கம்பெனிச் சங்கு ஊதும்போதெல்லாம் நான் உனக்குத் தண்ணீர் கொடுப்பேன். மறக்காமல் இருக்க அது ஒரு வழி. அம்மை கண்ட பிள்ளைக்கு மருந்தே கூடாது என்று உட்கார்ந்திருந்தோமே, அதுதான் தவறு.

தடிப்பு மங்கியது. முதல் தண்ணீர் ஊற்றினோம், இரண்டாம் தண்ணீரும் ஊற்றினோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆத்தா இறங்கிவிடுவாள், நீ மறுபடியும் எங்கள் பிள்ளையாகிவிடுவாய். அதற்கு முன்பே காய்ச்சல் திரும்பி வந்தது. காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தாய். தலையைத் தலையணையில் மோதினாய். பிறகு காதிலிருந்து மஞ்சளாக ஒழுகியது, நாற்றமும் வந்தது. "உள்ள இருந்த சூடு இறங்குது, நல்லதுதான், அடைக்காதே" என்றார் அத்தை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் ஊற்றினோம். உன் பிள்ளைக்குக் காது ஒழுகினால் எதையும் ஊற்றாதே, ராசா. சுத்தமான பஞ்சைத் திரியாக உருட்டிக் காது வாயில் வைத்து, நனைந்ததும் எடுத்துப் போட்டு வேறு வை. கொண்டை ஊசி, தீக்குச்சி எதையும் உள்ளே விடாதே. அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போ. ஒழுகுவது தானாக நின்றுபோனால் சந்தோஷப்படாதே, காதுக்குப் பின்னால் தொட்டுப் பார். நமக்கு நின்றபோது அத்தை கற்பூரம் ஏற்றினார். மறுநாள் உன் காது மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. பின்னால் வீங்கி, சிவந்து, கை வைத்தால் வீறிட்டாய்.

ஷிப்ட் முடிந்து வந்த உன் நைனாவிடம் நான், "காதைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பார்த்தார். சட்டையைக் கழற்றாமலே, "கிளம்பு" என்றார்.

"மூணாந்தண்ணி ஊத்தல, அதுக்குள்ள ஊசி போட்டா ஆத்தா கோச்சிக்குவாடா" என்று அத்தை வழியை மறித்தார்.

"கோச்சிக்கினா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ நவுருக்கா."

"நானும் வர்றேன். புள்ளைய இவ கையில உட்டுட்டு ஊட்ல குந்திக்கினு இருப்பனா? டாக்டரைப் பாத்தா இவ பேசவா போறா?"

அது உண்மை என்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பஸ் பெரியபாளையத்தைத் தாண்டும்போது அத்தை ஜன்னல் வழியாகவே அம்மன் கோயிலைக் கும்பிட்டு, உன் கையையும் பிடித்துக் கும்பிட வைத்தார். அவர் மடியில் ஒரு தூக்கு இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இங்கே சேர்த்ததும் அந்த சிஸ்டர்தான் உன்னை எடுத்துக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நாங்கள் போர்த்தியிருந்த கம்பளியை முதலில் உருவிப் போட்டார். "காய்ச்சக்காரப் புள்ளைய இப்படி மூடினா அடுப்புல வச்ச மாதிரிதான்" என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று துடைத்துக் காட்டிவிட்டுத் துணியை என் கையில் கொடுத்தார். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், அதில் பிள்ளை நடுங்கும், காய்ச்சல் இன்னும் ஏறும் என்றார். பென்சிலின் ஊசி போடும்போது உன் காலை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னபடியே செய்தேன். சாயங்காலம் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து காது டாக்டர் வர்றாரு. காலையில ஆபரேஷன். விடிஞ்சா எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணிகூட. வயித்துல ஏதாவது இருந்தா, மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக் குழாய்ல போயிடும். புரியுதா?"

தலையாட்டினேன். உள்ளே வந்து அத்தையிடம், "காலையில ஒண்ணும் தரக் கூடாதாம் அண்ணி" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவரிடம் நான் ஒரு வரிக்கு மேல் பேசிப் பழகியதில்லை. பிள்ளைக்கு எது கூடாது என்று சொன்னாலும், அது ஏன் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு, ராசா. கேட்கிறவர் உன்னைவிடப் பெரியவராக இருந்தாலும் சொல்லிவிடு.

இப்போது மறுபடி உள்ளே போய் வந்தேன். உன்னை எழுப்பி, மோவாயை நெஞ்சில் தொடச் சொன்னேன். கழுத்து விறைக்கிறதா, கண் சொருகுகிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். தொட்டாய். "ஏம்மா எழுப்புற?" என்று திட்டினாய். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் நைனா இங்கே இல்லை. கான்ட்ராக்ட் ஆள், லீவு போட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். அதனால் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

காலையில் உன் துணிகளை அலசக் குழாயடிக்குப் போனேன். போகும்போது தண்ணீர் தண்ணீர் என்று அழுதுகொண்டிருந்தாய். திரும்பி வரும்போது அமைதியாக இருந்தாய். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் துடைத்துவிடலாம் என்று கழுத்தைத் தூக்கினேன். கழுத்து மடிப்பில் பழுப்பாக ஒரு ஈரம். சின்ன வெங்காய வாசனை. கட்டிலுக்கு அடியில் தூக்கு மூடி கவிழ்ந்து கிடந்தது.

"அண்ணி, கூழ் குடுத்தீங்களா?"

"மெதுவா பேசுடி."

"குடுத்தீங்களா?"

"ரெண்டு வாய். ஆத்தா இன்னும் உடம்பு மேல கீறா. அவளைப் பட்டினி போட்டுக் கத்தி வெக்கச் சொல்றியா? அவ சும்மா இருப்பாளா? வேண்டிக்கினு கொண்டாந்த கூழுடி அது."

சிஸ்டர் சொன்ன காரணத்தை அப்போதுதான் சொன்னேன். அத்தையின் முகம் ஒரு நிமிஷம் மாறியது. பிறகு என் கையைப் பிடித்து அழுத்தினார். "சொல்லாத. சொன்னா அந்த டாக்டரு ரயிலைப் பிடிச்சிப் போய்டுவாரு. சீழு இன்னா ஆவறது? ரெண்டு வாய் கூழு இன்னா பண்ணிடும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நீதான் இருந்தாய். வேறொரு தாதி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டார். அத்தை முன்னால் நடந்தார், நான் பின்னால். தியேட்டர் கதவு திறந்தது. சாராயமும் பழமும் கலந்த மாதிரி ஒரு மருந்து நெடி வந்தது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு நின்றார். நான் செய்ததெல்லாம், உன் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதுதான். "விடும்மா" என்றார் தாதி. விடவில்லை. "ஏம்மா, நேரமாச்சு" என்றார் டாக்டர்.

"வயித்துல கூழு இருக்குது."

"என்ன?"

"வயித்துல கூழு இருக்குது சார்" என்றேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

"ரெண்டே வாய்தான் சாமி" என்று அத்தை ஓடி வந்தார்.

"இல்ல, ஒரு டம்ளரு. அப்புறம் இன்னொரு டம்ளரு" என்றாய் நீ, தாதியின் தோளிலிருந்து. உனக்கு அதில் பெருமை.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். மத்தியானம் வரை தொட முடியாது என்றார். காத்திருப்பதில் என்ன ஆபத்து என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். தனக்குப் பன்னிரண்டு மணிக்கு ரயில் என்றும், பிள்ளையை மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றும் சொன்னார். அந்த வீக்கத்தோடு, அந்த வெயிலில், இன்னொரு பயணம். எங்கே போய் யாரைக் கேட்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. "இருந்து பண்ணிட்டுப் போங்க சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. அவர் சிஸ்டரிடம் திரும்பி, "ரெண்டு மணிக்கு ரெடி பண்ணுங்க. இங்க சாப்பிட என்ன கிடைக்கும்?" என்றார்.

"கூழ் இருக்கு சார்" என்றார் சிஸ்டர், சிரிக்காமல்.

வார்டுக்குத் திரும்பியபோது அடுத்த கட்டில்காரி எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆவற காரியத்தைப் பெத்தவளே கெடுத்துட்டா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை குனியவில்லை. "எங்க ஊட்டுப் பொண்ணு இன்னா பண்ணா உனக்கின்னா? உன் புள்ளைக்கு மூக்கைத் துடை, போ" என்றார். ஆனால் அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

எழுத்து இங்கே நின்றுபோனது. நீ வாந்தி எடுத்தாய். அத்தை கத்தினார், நோட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடவை, பழுப்பும் வெங்காயமுமாக, கட்டில் நனைய. உன்னை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். மல்லாக்க இருக்கும் பிள்ளை வாந்தி எடுத்தால் உடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும், இதையும் மறக்காதே. சிஸ்டர் வந்து விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார், கழுத்தை மடக்கினார், உன் பெயரைக் கேட்டார். நீ சொன்னாய். "கூழா, இல்ல சீழ் உள்ளே இறங்கிடுச்சா?" என்று கேட்டேன். கேட்டது நானா என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. "கூழ்தான்னு நினைக்கிறேன். நிச்சயமா சொல்ல முடியாது" என்றார். அத்தை கட்டில் காலருகே நின்று அந்தக் கூழையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வந்தது என்று அவருக்குத் தெரியும். பிறகு தன் முந்தானையாலேயே எல்லாவற்றையும் துடைத்தார். நான் துணி கொடுத்தேன், வாங்கவில்லை.

இப்போது நீ உள்ளே இருக்கிறாய். கதவு சாத்தியிருக்கிறது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உன் பிள்ளை உள்ளே இருக்கும்போது நீ என்ன செய்வாய்? நான் வராந்தாத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அத்தை தரையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார். ஆத்தாவிடம் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. உள்ளே ஏதோ தட்டில் விழும் சத்தம். உன் சத்தம் இல்லை.

உன்னைக் கொண்டுவந்துவிட்டார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. சீழ் முழுக்க வெளியேதான் இருந்ததாம், மூளைப் பக்கம் இறங்கவில்லையாம். காது எவ்வளவு கேட்கும் என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். நீ இதைப் படிக்கிற நாளில் உனக்குத்தான் பதில் தெரியும். டாக்டர் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார். உன்னை ஒரு பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறோம். நன்றாக நினைவு திரும்பி, சிஸ்டர் வந்து சொல்கிற வரைக்கும் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

நீ கண்ணைத் திறந்ததும் தண்ணீர் கேட்டாய். இல்லை என்றேன். என் கன்னத்தில் அடித்தாய். "நீ போ. அத்தை வேணும். அத்தை குடுப்பா" என்றாய். அத்தை எழுந்து வந்தார். கூஜா அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா சொல்லட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு, உன் கண்ணில் படாமல் வராந்தாக் கோடிக்குப் போய்விட்டார். அங்கே அவர் அழுகிறார் என்று நினைக்கிறேன். உனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக் கத்துகிறாய். பழைய ஆத்தாவாக இருந்தால் இந்நேரம் பட்டாணியே வந்திருக்கும். உதட்டை ஈரத்துணியால் தொட்டு வைக்கிறேன், அதையும் உறிஞ்சப் பார்க்கிறாய், பிடுங்கிக்கொள்கிறேன். மறுபடி அடிக்கிறாய். கை நல்ல பலமாகத்தான் விழுகிறது. அடி, ராசா. தண்ணீர் இன்னும் இல்லை.